வெண்ணெய் போன்ற ஸ்டியரிங்

லாரி அண்ணன் மூடிய குழாயை அந்த வீட்டில் வேறு யாராலும் திறக்க முடியாது. இருபத்தாறு வருடம் கனரக லாரி ஓட்டிய கைகள் அவருடையவை. அவர் ஓட்டிய வண்டிகளில் பவர் ஸ்டியரிங் கிடையாது. பாரத்தோடு ஒரு சந்தில் திரும்ப வேண்டுமென்றால் இருக்கையிலிருந்து பாதி எழுந்து, ஸ்டியரிங்கின் மேல் ஏறக்குறையப் படுத்து இழுக்க வேண்டும். லாரியை விட்டுப் பதினொரு வருடமாகிறது. பலம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. எந்தச் சட்டை வாங்கினாலும் மணிக்கட்டில் பித்தான் போட முடியாததால் அவர் மனைவி தையலைப் பிரித்து ஒட்டுத்துணி வைத்துத் தருகிறார். குழாய்க்கு வாஷர் மாற்ற மாதம் ஒருமுறை வரும் பிளம்பர், முதலில் போனில் "அண்ணன் வீட்லதான் இருக்காரா?" என்று கேட்டுக்கொள்வார். ஆம் என்றால் வாஷரை இரண்டாக வாங்கி வருவார்.

அந்தக் குடியிருப்பில் மூடி திறக்காத பாட்டில்கள் எல்லாம் அவர் வீட்டுக்கு வந்து சேரும். போனில் பேசிக்கொண்டே திறந்து கொடுத்துவிடுவார். திறந்ததை மூடியும் தரச் சொல்லி யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

லாரியை விட்ட பிறகு அவருக்கு ஒரு வேலை தானாக அமைந்தது. பழைய கார் வாங்குகிறவர்கள் அவரைக் கூடவே அழைத்துப் போனார்கள். முதலில் சொந்தக்காரர்கள், பிறகு குடியிருப்புக்காரர்கள், பிறகு முன்பின் தெரியாதவர்கள். இதைத் தொழில் என்று அவர் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் கிளம்பும்போது தனிச் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வார், அதன் பையில் ஒரு டார்ச்சும் ஒரு காந்தத் துண்டும் இருக்கும்.

அவர் கார் பார்ப்பதைக் குறை சொல்ல முடியாது. போனவுடன் எதையும் கேட்காமல் பானெட்டின் மேல் கையை வைப்பார். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே இஞ்சினை ஓடவிட்டு எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பேசாமல் திரும்பி நடந்துவிடுவார். காந்தத்தைக் கதவுகளில் ஒட்டிப் பார்த்து, எங்கே தகரத்துக்குப் பதில் பட்டி பூசியிருக்கிறது என்று கண்டுபிடிப்பார். கால்மிதியைத் தூக்கிவிட்டுத் துரு பார்ப்பார். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து, வெள்ளத்தில் மூழ்கிய கறை அடியில் இருக்கிறதா என்று தேடுவார். கடைசியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். ஓட்டும்போது வலது உள்ளங்கையை மட்டும் ஸ்டியரிங்கில் வைத்துத் தேய்த்தாற்போல் திருப்பி, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி இருக்கு" என்பார்.

பதினொரு வருடத்தில் அவர் பார்த்த கார்கள் நூற்று நாற்பதுக்கு மேல் இருக்கும். நூற்று நாற்பதிலும் ஸ்டியரிங் வெண்ணெய்தான். எதை வைத்தாலும் ஒரே எடையைக் காட்டும் தராசை யாராக இருந்தாலும் ஒரு நாள் சந்தேகப்படுவார்கள். லாரி அண்ணனை யாரும் சந்தேகப்படவில்லை. கெட்ட செய்தி சொன்னால்தான் நாம் ஆதாரம் கேட்கிறோம்.

இந்த வெண்ணெய்க்குச் சோதனை வந்தது அவருடைய தங்கையால்.

தங்கை அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், அதே குடியிருப்பில்தான் வீடு. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, சின்ன ஐஸ் பெட்டியில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அண்ணனின் கைகளைப் படைத்துவிட்டு மிச்சமிருந்ததில் செய்ததுபோல் சிறிய கைகள். ஆனால் மோதிர விரலின் நுனியை ஒரு கையின் மேல் வைத்தால், மற்ற மூன்று பேர் குத்திக் குத்தித் தேடிய நரம்பு அவருக்கு உடனே கிடைக்கும். பச்சைக் குழந்தையிலிருந்து படுத்த படுக்கையாக இருப்பவர்கள்வரை அவரைத்தான் கேட்பார்கள்.

அந்த மாதம் நிலையத்தின் மேனேஜர் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தார். நகரத்துக்கு வெளியே புதிதாக எழுந்த குடியிருப்புகளுக்கெல்லாம் இனி ஆள் போக வேண்டும். அங்கே பஸ் கிடையாது. சொந்தக் கார் இருப்பவர்களுக்கு ஒன்றாம் தேதியிலிருந்து அந்த வழி. இல்லாதவர்களுக்கு வரவேற்பு மேஜை. கார் காகிதங்களைச் சனிக்கிழமை மதியத்துக்குள் காட்ட வேண்டும், ஒன்றாம் தேதி திங்கட்கிழமை.

வரவேற்பு மேஜையில் தங்கை முன்பு ஒருமுறை ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறார். டோக்கன் எண்ணைச் சத்தமாகக் கூப்பிடுவதும், கழிவறை எந்தப் பக்கம் என்று சொல்வதும்தான் வேலை. அந்த ஏழு நாளில் ஒரு நரம்பைக்கூட அவர் தொடவில்லை. வீட்டுக்கு வந்து தன் கணவரின் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். என்ன திடீர்ப் பாசம் என்று கணவர் மகிழ்ந்துபோயிருக்கிறார்.

ஆக, கார் வேண்டும். கார் ஓட்டும் உரிமத்தை மூன்றாவது முயற்சியில் ஏற்கனவே வாங்கி வைத்திருந்தார். அண்ணன் இருக்கும்போது கார் பார்ப்பதற்கு என்ன கவலை?

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பழைய கார் விற்கும் மைதானத்துக்குப் போனார்கள். அங்கிருந்த புரோக்கர் குளிர்கண்ணாடியை எப்போதும் தலையில் ஏற்றி வைத்திருப்பார், கண்ணில் போட்டு யாரும் பார்த்ததில்லை. அவர் விற்கும் கார்களின் பழைய சொந்தக்காரர்கள் எல்லாரும் டாக்டர்கள் அல்லது ஆசிரியர்கள். அவர் பேச்சை நம்பினால், அவசரக்காரர் ஒருவர்கூட அந்த ஊரில் கார் வைத்திருந்ததே இல்லை. தங்கைக்குப் பிடித்த சாம்பல் நிறச் சின்னக் கார், ஏழு வயது ஆனது, ஒரு கண் டாக்டருடையதாம். வீட்டுக்கும் கிளினிக்குக்கும் தவிர வேறெங்கும் போனதில்லையாம்.

லாரி அண்ணன் பானெட்டைத் தொட்டார், ஜில்லென்று இருந்தது. காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. துரு இல்லை, கறை இல்லை. பின் இருக்கையில் தங்கையை உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டினார். வெண்ணெய் என்றார். நீங்களும் ஓட்டிப் பாருங்களேன் என்று புரோக்கரே உபசாரத்துக்குச் சொன்னார். மைதானத்தில் எட்டுப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கைக்கு வெட்கமாகப் போய்விட்டது, அண்ணன் பார்த்தால் போதும் என்றுவிட்டார். பெயர் மாற்றும் காகிதங்கள் வெள்ளிக்கிழமைக்குள் தயாராகும் என்று பேச்சு. அண்ணனே காரை ஓட்டிக்கொண்டு வந்து, குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு தூணுக்கும் இன்னொரு காருக்கும் நடுவில் கச்சிதமாகச் செருகி நிறுத்தினார்.

திங்கட்கிழமை காலை தங்கை காரில் ஏறினார். முதலில் ஹேண்ட் பிரேக்கே இறங்கவில்லை. அண்ணன் போட்ட பிரேக் அது. இரண்டு கையாலும் தொங்கி இறக்கினார். பிறகு இஞ்சினைக் கிளப்பி ஸ்டியரிங்கைத் திருப்பினார். கால்வாசி திரும்பி நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் தோள்பட்டை வலித்தது, சக்கரம் மட்டும் அசையவில்லை. மேலே போய் அண்ணனை அழைத்துவந்தார்.

அண்ணன் உள்ளே ஏறக்கூட இல்லை. ஜன்னல் வழியாக ஒரு கையை விட்டு, ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினார், வலப்பக்கம் முழுக்கத் திருப்பினார்.

"எங்கம்மா திரும்பல? வெண்ணெய் மாதிரி திரும்புது."

"எனக்குத் திரும்ப மாட்டேங்குதே அண்ணே."

"ஊசி பிடிச்சுப் பிடிச்சு உன் கையில சதையே இல்ல. பயிற்சி பண்ணு, சரியாயிடும்."

அன்று மாலையே ஒரு ரப்பர் பந்து வாங்கித் தந்தார். பஸ்ஸிலும் லிஃப்டிலும் தங்கை அதை அழுத்திக்கொண்டே போனார். ரத்தம் கொடுக்க வந்தவர்கள், தங்களுக்குத்தான் அந்தப் பந்து என்று நினைத்துக் கையை நீட்டினார்கள்.

குழப்பம் என்னவென்றால், அண்ணன் வெளியே எடுத்துத் தந்த கார் நேர்ச்சாலையில் ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. சக்கரம் உருண்டுகொண்டிருந்தால் எந்தக் காரின் ஸ்டியரிங்கும் கொஞ்சம் இலகுவாகும். மெதுவாகத் திரும்பும்போதும், நிறுத்தி எடுக்கும்போதும்தான் அது கல்லாகியது. எனவே குறை காரில் இல்லை, தன்னிடம்தான் என்பது தங்கைக்கு மேலும் உறுதியாயிற்று. புதன்கிழமை ஒரு முக்கில் இடப்பக்கம் திரும்ப வேண்டியவர், திரும்ப முடியாமல் நேரே போய், மரச்சாமான் கடை வாசலில் அடுக்கியிருந்த நாற்காலிகளுக்கு இரண்டு அடி முன்னால் நின்றார். கடைக்காரர் பதறாமல் வெளியே வந்து, எந்த மாதிரி நாற்காலி வேண்டும் என்று கேட்டார்.

அன்று மேனேஜருக்கு அனுப்ப ஒரு செய்தி தட்டி வைத்தார்: எனக்கு வரவேற்பு மேஜையே போதும். அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை அனுப்பிக்கொள்ளலாம் என்று போனை மூடிவிட்டார்.

வியாழக்கிழமை, கடைசி முயற்சியாக, தனக்குக் கார் ஓட்டச் சொல்லித் தந்த டீச்சரிடம் போய் இரண்டு வகுப்புக் கூடுதலாகக் கேட்டார். டீச்சர் பயிற்சிக் காரில் உட்கார வைத்தார். அது பத்து வருடம் கண்டவர்களெல்லாம் கண்டபடி ஓட்டிப் பழகிய கார், கிழிந்த சீட், ஆடும் கண்ணாடி. தங்கை பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இழுத்தார். அது சர்ரென்று ஒன்றரைச் சுற்றுச் சுற்றிப் போனது. டீச்சர் கதவுப் பக்கம் சாய்ந்துவிட்டார்.

தங்கை ஒரு விரலால் திருப்பிப் பார்த்தார். திரும்பியது. விரலை எடுத்துப் பார்த்தார், நேற்றிருந்த அதே விரல். என்ன ஆயிற்று என்று டீச்சர் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல டீச்சர். என் கை நல்லாத்தான் இருக்கு" என்றார். கூடுதல் வகுப்புகளை அங்கேயே ரத்து செய்தார்.

வீட்டுக்கு வந்தவர் அண்ணனிடம் நேராகப் போகவில்லை. ஒருவருடைய கை போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஒரு முடிவு விசித்திரமாக வந்தால் இன்னொரு தடவை, இன்னொரு கருவியில் பார்ப்பார்கள் அல்லவா? முதலில் அண்ணியைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனார். இஞ்சின் ஓட அண்ணி திருப்பினார், கால்வாசியில் நின்றது. அடுத்து மேல் மாடியில் இருக்கும் ஜிம்காரர், ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் எடை தூக்கக் கற்றுத்தருபவர். அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, முழுச் சுற்றும் திருப்பிவிட்டு இறங்கினார். நல்ல எக்சர்சைஸ் என்று மட்டும் சொன்னார்.

இதற்குள் லாரி அண்ணனும் கீழே வந்துவிட்டார். ஜன்னலில் கை விட்டுத் திருப்பினார். அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒரே நாளில் எல்லாருக்கும் கை போய்விட்டதா என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

அவர் மனைவிதான் சொன்னார், கோபமில்லாமல், இத்தனை வருடம் சொல்ல மறந்திருந்த ஒன்றைச் சொல்வதுபோல.

"ஏங்க, நீங்க மூடின குழாயை நாங்க யாராவது திறந்திருக்கோமா? தினமும் லேசாத்தான் மூடினேன்னு சொல்றீங்க. அது பொய் இல்ல. உங்களுக்கு அது லேசு."

லாரி அண்ணன் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலச் சற்று நேரம் அந்தரத்தில் வைத்திருந்தார். பிறகு கார்க் கதவைத் திறந்து டிரைவர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். பலவீனம் இருப்பவனுக்கு அது இருப்பது தெரியும், ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு மூடியிலும் அது நினைவூட்டிக்கொண்டே இருக்கும். பலத்துக்கு அந்த நாணயம் இல்லை. இருப்பதே தெரியாமல் எல்லாக் கணக்கிலும் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. நூற்று நாற்பது வெண்ணெயும் அந்த நேரத்தில் அவர் மனத்தில் வரிசையாக வந்து நின்றிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை காரை மீட்டர்காரரிடம் கொண்டுபோனார்கள். கார்களின் மின்சார வேலை மட்டும் பார்ப்பவர் அவர். கடை ஒரு கட்டில் போடுமளவுதான், வேலையெல்லாம் தெருவில். ஸ்டியரிங்கை அவர் தொடவே இல்லை. சாவியைப் போட்டு, இஞ்சினைக் கிளப்பாமல், முதல் திருப்பில் நிறுத்தினார். ஸ்பீடோமீட்டரைச் சுற்றி விளக்குகள் எரிந்தன. ஒவ்வொன்றாக விரலால் எண்ணினார்.

"ஒண்ணு குறையுதே" என்றார்.

சாவி போட்டவுடன் எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒரு தடவை எரிய வேண்டுமாம், இஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டுமாம். பவர் ஸ்டியரிங்குக்கும் அதில் ஒரு விளக்கு உண்டு, சின்ன ஸ்டியரிங் படத்தோடு. கிளம்பிய பிறகும் எரிந்துகொண்டிருந்தால் அந்த மோட்டாரில் கோளாறு. முதலிலேயே எரியவில்லை என்றால் கோளாறோடு ஒரு ஆளும் சேர்ந்திருக்கிறான். இதைச் சொல்லிக்கொண்டே மீட்டர் பெட்டியைக் கழற்றினார். விளக்கு நன்றாக எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன் மேல் கறுப்பு டேப் ஒரு சின்னச் சதுரமாக ஒட்டியிருந்தது.

மீட்டர்காரர் அதை நகத்தால் உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல வேலைக்காரன். மூலையெல்லாம் கத்தரிக்கோல்ல வெட்டியிருக்கான்."

பேட்டரி பலவீனமாக இருந்தாலும் ஸ்டியரிங் கனக்கும் என்று அதையும் பார்த்தார், ஃப்யூஸையும் பார்த்தார். இரண்டும் சரி. ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்த மோட்டார்தான் செத்திருந்தது. எப்போது செத்தது என்று லாரி அண்ணன் கேட்டார். விளக்கை மறைப்பதற்கு முன்னால் என்றார் மீட்டர்காரர். மாற்றலாமாம். பாகம் வந்துசேர மூன்று வாரம் ஆகுமாம். ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள்தான் இருந்தது.

மதியம் அண்ணனும் தங்கையும் மைதானத்துக்குப் போனார்கள். அண்ணியும் வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, சும்மா என்றார்.

புரோக்கர் டேப்பைப் பார்த்து வருத்தப்பட்டார். பழைய ஓனர் இப்படிச் செய்வார் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றார்.

"கண் டாக்டரா?" என்று தங்கை கேட்டார். "வெளிச்சம் கண்ணைக் கூசியிருக்கும்."

புரோக்கர் அதைக் காதில் வாங்காமல் லாரி அண்ணன் பக்கம் திரும்பினார். ஓட்டிப் பார்த்தது அவர், வெண்ணெய் என்றது அவர். அதைக் கேட்ட சாட்சிகள் எட்டுப் பேர். ஒன்று, அவர் தெரிந்தே சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவருக்கு வேலை தெரியாமல் இருக்க வேண்டும். பிறகு குரலைத் தாழ்த்தி, தோளில் கை போட்டு, அறைக்குள் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார். மோட்டாரைத் தானே மாற்றித் தருவதாகவும், மூன்று வாரத்தில் யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்றும் சொன்னார்.

"உங்க பேரு கெட்டுடக் கூடாது பாருங்க அண்ணே. எத்தனை வருஷத்துப் பேரு."

இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடுதான். புரோக்கருக்கு நல்லது, லாரி அண்ணனுக்கு நல்லது. திங்கட்கிழமை தங்கை டோக்கன் எண் கூப்பிடுவார், அவ்வளவுதான். தங்கை அண்ணனைப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்பதுபோல் ஆகிவிடும் என்று எதிரே நின்ற காரின் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தார்.

லாரி அண்ணன் தோளிலிருந்த கையை எடுத்துக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார், ஆனாலும் புரோக்கர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். லாரிக்காரர்களுக்குச் சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் பேசும் ஒரு குரல் உண்டு. அந்தக் குரலில் சொன்னார்:

"நான் சொன்னது தப்பு. எனக்கு ஸ்டியரிங் பாக்கத் தெரியாது. என் கைக்கு எல்லாமே லேசு. இங்க யாராவது என் பேச்சைக் கேட்டுக் கார் எடுக்க வந்திருந்தா, ஸ்டியரிங்கை மட்டும் வேற ஆளை வச்சுப் பாத்துக்குங்க. சாவி போட்டதும் எல்லா விளக்கும் வருதான்னு எண்ணிக்குங்க. இந்தக் கார்ல ஒண்ணை டேப் போட்டு மூடியிருந்தாங்க."

ஒரு வெள்ளைக் காருக்குப் பேரம் முடித்துக் கைகுலுக்கிக்கொண்டிருந்த தம்பதியில் மனைவி கையை விடுவித்துக்கொண்டார். "சாவி குடுங்க, எண்ணிப் பாக்கணும்" என்றார். அந்தப் பக்கம் இன்னொருவர் ஏற்கனவே ஒரு காருக்குள் குனிந்து எண்ணத் தொடங்கியிருந்தார். புரோக்கர் குளிர்கண்ணாடியை முதல் முறையாகத் தலையிலிருந்து கண்ணுக்கு இறக்கினார். இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் எல்லாக் கார்களின் விளக்கையும் எண்ணிவிடுவார்கள். சாம்பல் நிறக் காரை விட்டுவிட்டு, அதே விலையில் எந்தக் காரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சீக்கிரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அப்புறம் நடந்ததைப் பார்க்க ஒரு கூட்டமே சேர்ந்தது. லாரி அண்ணன் பானெட், காந்தம், துரு எல்லாம் பார்த்துவிட்டு விலகிக்கொள்வார். கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அண்ணியின் உத்தரவு. அவர் ஏன் வந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு முறை பழக்கத்தில் ஜன்னலுக்குள் கை நீட்டியபோது பட்டென்று ஒரு அடி விழுந்தது.

தங்கை எட்டுப் பேர் பார்க்க, இருபது பேர் பார்க்க, டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார். கார் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெல்லத் திருப்பினார். முதல் காரில் கோடிக்குப் போகும்போது இஞ்சின் பக்கமிருந்து ஒரு முனகல் கேட்டது. அது ஆயிலில் ஓடும் பவர் ஸ்டியரிங். பானெட்டைத் திறந்து பார்த்தால் ஆயில் டப்பாவில் புத்தம் புது ஆயில், டப்பாவின் அடியும் குழாயும் மட்டும் ஈரம். ஒழுகுவதை நிறுத்தாமல், ஒழுக ஒழுக ஊற்றியிருக்கிறார்கள் என்று லாரி அண்ணன் பின்னாலிருந்து சொன்னார். அண்ணியின் உத்தரவு கைக்குத்தான், கண்ணுக்கு இல்லை. இரண்டாவது காரில் ஸ்டியரிங்குக்குப் புது உறை மாட்டியிருந்தார்கள். தங்கை அதை விலக்கிப் பார்த்தார், அடியில் தேய்ந்து வழவழத்துக் கிடந்தது. மீட்டர் சொன்ன தூரத்துக்கு அவ்வளவு தேயாது. மூன்றாவதை ஓட்டிப் போய்த் திருப்பி விட்டபோது ஸ்டியரிங் தானாக நேருக்கு வர வேண்டும், வரவில்லை.

நான்காவது கார் கிளிப்பச்சை. அந்த நிறத்துக்காகவே ஐந்து மாதமாக யாரும் தொடாமல் நின்றிருந்தது. விளக்குகள் எல்லாம் எரிந்தன, எல்லாம் அணைந்தன. முனகல் இல்லை. தங்கை ஓட்டிப் போய், மைதானத்தின் மூலையில் மெதுவாகத் திரும்பி, கையைத் தளர்த்தினார். ஸ்டியரிங் அவர் உள்ளங்கைக்குள் வழுக்கி நேருக்கு வந்தது. திரும்பி வந்து நிறுத்திவிட்டு, மோதிர விரலை ஸ்டியரிங்கின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் இருந்தார்.

"துடிப்பு ஒண்ணும் இல்ல. சீராத்தான் இருக்கு. எடுத்துக்கலாம்" என்றார்.

அன்று மாலையே புரோக்கர் அவசரமாகத் தந்த பச்சைக் காரின் காகிதங்களைச் சனிக்கிழமை பார்த்த மேனேஜர், ஐஸ் பெட்டி சீட்டில் சரியாமல் நிற்குமா என்று மட்டும் கேட்டார்.

லாரி அண்ணனுக்கு அத்தோடு முடியவில்லை. தான் கார் பார்த்துக் கொடுத்தவர்களில் நம்பர் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து, ஸ்டியரிங்கை வேறு யாரையாவது வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பலர் சிரித்தார்கள். பக்கத்துத் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா மட்டும் சிரிக்கவில்லை, காரே ஓட்டுவதில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை தங்கையை அழைத்துக்கொண்டு அங்கே போனார்.

கார் உறை போட்டு நின்றது. அதைப் பார்த்துக் கொடுத்தது லாரி அண்ணன்தான், நான்கு வருடத்துக்கு முன்னால். இரண்டு வருடமாகத் திருப்பக் கை வராமல் போனதிலும், காட்டியபோது லாரி அண்ணன் வெண்ணெய் என்றதிலும், வயதாகிவிட்டது என்று குமாஸ்தா முடிவு செய்திருக்கிறார். முடிவு செய்ததை அவர் அரைகுறையாகச் செய்பவர் இல்லை. பேட்மிண்டனை விட்டார், கைத்தடி வாங்கினார், உயிலை எழுதிப் பதிவும் செய்துவிட்டார். தங்கை ஏறித் திருப்பிப் பார்த்துவிட்டு இறங்கி, உறையின் அடியில் தரையைக் காட்டினார். ஆயில் சொட்டிச் சொட்டி ஒரு தட்டு அளவுக்குக் கறை. டப்பாவில் பொட்டு ஆயில் இல்லை.

குமாஸ்தா கறையைப் பார்த்தார், கைத்தடியைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா நான் கிழவனா இருந்தது உன்னாலயா?" என்று லாரி அண்ணனைக் கேட்டார்.

லாரி அண்ணன் ஆமாம் என்றார். வேறு சமாதானம் எதுவும் அவரிடம் இல்லை. குமாஸ்தா உள்ளே போய், பேட்மிண்டன் மட்டை எங்கே என்று மனைவியிடம் சண்டை பிடிக்க ஆரம்பித்தார். அது வெளியே தெளிவாகக் கேட்டது. லாரி அண்ணனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதற்கு எனக்கு அவ்வளவாகச் சந்தர்ப்பம் வாய்த்ததில்லை. அந்த ஆமாமை மட்டும் சொல்லியாக வேண்டும்.

திங்கட்கிழமை, ஒன்றாம் தேதி. முதல் நாள் துணைக்கு வருகிறேன் என்று அண்ணன் அந்தத் தனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே நின்றார். பின் இருக்கையில் ஐஸ் பெட்டி இருக்கிறது, முன் இருக்கையில் ஊசிப் பெட்டி இருக்கிறது என்று சொல்லித் தங்கை கிளம்பிவிட்டார். ஊசிப் பெட்டியைப் பின்னால் வைத்திருக்கலாம்.

முதல் வீடு புதுக் குடியிருப்பின் கடைசியில், ஒரு முட்டுச்சந்தின் முடிவில் இருந்தது. திரும்பி வெளியே வரும் வசதிக்காகக் காரை அப்போதே திருப்பி நிறுத்த வேண்டும். இரண்டு பக்கமும் மதில். தங்கை ஸ்டியரிங்கை ஒரு கோடி திருப்பிப் பின்னால் வந்தார், மறு கோடி திருப்பி முன்னால் போனார், மூன்றாவது தடவையில் கார் நேராகிவிட்டது. தோள் வலிக்கவில்லை. வாசலில் நேற்றிலிருந்து எதுவும் சாப்பிடாத ஒரு பெரியவர் கடுகடுவென்று நின்றுகொண்டிருந்தார்.

"எட்டு மணின்னுதானே சொன்னாங்க? இப்ப ஏழேமுக்கால்தான் ஆகுது."

"சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் சாப்பிடலாமே சார். உக்காருங்க."

பெரியவர் உட்கார்ந்தார். தங்கை அவர் கையில் பட்டையைக் கட்டி, மோதிர விரலை வைத்தார். இரண்டு பேர் ஏற்கனவே குத்திப் பார்த்துத் தோற்ற கை அது. பெரியவர் ஊசியைப் பார்க்காமலிருக்க வெளியே பச்சைக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார் புதுசா?"

"எனக்குப் புதுசு" என்றார் தங்கை. "கையை நல்லா இறுக்கி மூடுங்க."